'இன்?' மெத்தடை விரிவாக்குவது சரியான வழியா?

கேள்வி

வணக்கம். ரூபியில் எழுதப்பட்ட பெரிய வலைச் செயலி ஒன்றின் பொது நூலகத்தைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். ரூபிக்கான வலைச் செயலிச் சட்டகமான ரெயில்ஸின் ஆக்டிவ் சப்போர்ட் நூலகம், ஏறக்குறைய எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான ஆப்ஜெக்ட் கிளாஸில் சேர்த்துத் தரும் 'இன்?' மெத்தடை எங்கள் நிரலில் மிகுதியாகப் பயன்படுத்துகிறோம். ஒரு தொகுப்பிடம் 'இன்க்ளூட்?' மூலம் "இந்த மதிப்பு உன்னுள் உள்ளதா" என்று கேட்பதற்கு மாறாக, மதிப்பிடமே "நீ இந்தத் தொகுப்பில் உள்ளாயா" என்று கேட்க முடிவதால், நிபந்தனை வரிகள் இடமிருந்து வலமாகத் தடையின்றிப் படிக்கும்படி அமைகின்றன. நூலகத்தில் அதன் நிரலைப் பார்த்தால், அது பெரும்பாலும் கொடுக்கப்பட்ட தொகுப்பின் 'இன்க்ளூட்?' மெத்தடைத் திருப்பி அழைப்பதோடு நின்றுவிடுகிறது.

இதனை மூன்று வகைகளில் விரிவாக்க விரும்புகிறோம். ஒவ்வொரு முறையும் சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் அரேயை எழுதாமல், மதிப்புகளை நேரடியாகப் பல அர்குமென்ட்களாகக் கொடுக்க முடிய வேண்டும் என்பது முதல் விருப்பம். ஸ்டிரிங்குகளை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் முன்பின் உள்ள வெற்றிடங்களையும் புறக்கணிக்கும்படி, பெயருள்ள அர்குமென்ட் ஒன்றின் வழியாகச் சொல்ல முடிய வேண்டும் என்பது இரண்டாவது. தொகுப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'நில்' (மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் பொருள்) வந்தால் இப்போது பிழை எழுகிறது. அதற்குப் பதிலாக 'இல்லை' என்ற விடையே கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது.

எங்கள் நூலகத்தில் ஒரு மாட்யூலை எழுதி, அதை ஆப்ஜெக்ட் கிளாஸின் முன்னால் 'ப்ரீபெண்ட்' செய்து (மூல மெத்தடுக்கு முன் அது அழைக்கப்படும்படி இணைத்து), புதிய வடிவங்களை அதில் கையாண்டு, பழைய வடிவில் வரும் அழைப்புகளை 'சூப்பர்' வழியாக மூல மெத்தடுக்கே அனுப்பிவிடலாம் என்பது திட்டம். ஏற்கெனவே எழுதப்பட்ட அழைப்புகள் எதுவும் மாறாது என்பதால் இதில் இடர் குறைவு என்று கருதுகிறோம். இப்படிச் செய்தவர்கள் எவரேனும் இருந்தால், எதிர்கொண்ட சிக்கல்களைக் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

உங்களுடைய முதல் விருப்பம் புதியதன்று. 'இன்?' முதன்முதலில் ரெயில்ஸ் 3.1 பதிப்பில் ஒரே அர்குமென்ட்டுடன் வந்தது. பின்னர் ஒரு கட்டத்தில் அது பல அர்குமென்ட்களையும் ஏற்றுக்கொண்டது. அதன்பின் அந்த வசதி நீக்கப்பட்டு, இன்று மீண்டும் ஒரே அர்குமென்ட்டுடன்தான் உள்ளது. நூலகத்தைப் பராமரிப்பவர்கள் ஒருமுறை நடந்து பார்த்துத் திரும்பிவிட்ட பாதை இது என்பதை முதலில் கருத்தில் கொள்ளுங்கள்.

அது ஏன் நிலைக்கத் தகாத வடிவம் என்பதற்கு என் பார்வையில் முதன்மையான காரணம், அர்குமென்ட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மெத்தடின் பொருளே மாறிவிடுவதுதான். இரண்டு அர்குமென்ட்கள் வந்தால் அவை ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. ஒன்று மட்டும் வந்தால் அது ஒரு தொகுப்பு. இப்போது பயனரின் பொறுப்புநிலையைச் சோதிக்கும் ஒரு வரியை எண்ணிப் பாருங்கள். 'அட்மின்', 'எடிட்டர்' என்ற இரண்டு ஸ்டிரிங்குகளைக் கொடுத்து எழுதப்பட்ட அந்த வரியிலிருந்து, சில மாதங்கள் கழித்து ஒருவர் 'எடிட்டர்' தேவையில்லை என்று நீக்குகிறார். மீதமிருப்பது ஒரே ஸ்டிரிங். ஸ்டிரிங்குக்கும் 'இன்க்ளூட்?' உண்டு, ஆனால் அங்கே அது உறுப்பைத் தேடுவதில்லை, துணைத்தொடரைத் தேடுகிறது. ஆகவே 'அட்' என்ற அரைகுறை மதிப்பும் தேர்ச்சி பெறும். அதைவிட மோசமாக, வெற்று ஸ்டிரிங் எல்லா ஸ்டிரிங்குகளிலும் அடங்கியிருப்பதாகவே ரூபி கருதுவதால், பொறுப்புநிலையே நிரப்பப்படாத பயனரும் அட்மின் ஆகிவிடுவார். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது, மாற்றத்தைப் பார்வையிடும் சக நிரலாளரின் கண்ணுக்கும் ஒரு சொல் குறைந்தது மட்டுமே தெரியும்.

ஸ்பிளாட் குறியுடன் ஓர் அரேயை விரித்து அனுப்பினால் நிலைமை இன்னும் கெடுகிறது, ஏனெனில் அங்கே எண்ணிக்கை நிரல் ஓடும்போதுதான் தெரியவருகிறது. அரேயில் மூன்று ஸ்டிரிங்குகள் இருக்கும் நாளில் சரியாக வேலை செய்யும் வரி, ஒன்று மட்டும் இருக்கும் நாளில் துணைத்தொடர் தேடலாக மாறும். ஒன்றும் இல்லாத நாளில் எந்த அர்குமென்ட்டும் போய்ச் சேராது, அப்போது என்ன விடை தருவது என்று நீங்கள் தனியாக ஒரு விதி வகுக்க வேண்டும். அமைப்புக் கோப்பிலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ வரும் பட்டியல்களில் இந்த மூன்று நாள்களும் வரும்.

பல அர்குமென்ட் வடிவம் உண்மையிலேயே தேவை என்றால், அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். 'ஒன்_ஆஃப்?' என்ற புதிய மெத்தட், வரும் அர்குமென்ட்கள் அனைத்தையும் எப்போதும் உறுப்புகளாகவே கொள்ளட்டும். ஒன்று வந்தாலும் அதை உறுப்பாகவே கொள்ளட்டும். எதுவும் வராவிட்டால் 'இல்லை' என்று சொல்லட்டும். விதிவிலக்கில்லாத விதி என்பதால் அதைச் சோதிப்பதும் எளிது. நேர்மையாகச் சொன்னால், இரண்டு சதுர அடைப்புக்குறிகளைத் தட்டச்சிடும் உழைப்பைச் சேமிப்பதற்கு இதுவும் மிகைதான்.

மறுமொழி 2

மேலே உள்ளதை ஏற்கிறேன். இரண்டாவது விருப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

'இன்?' என்பது கேள்வியைத் திருப்பிப் போடும் மெத்தட் மட்டுமே. 'உள்ளது' என்றால் என்ன பொருள் என்பதை அது முடிவு செய்வதில்லை; தொகுப்புதான் முடிவு செய்கிறது. அரே தன் உறுப்புகளை வரிசையாக எடுத்து '==' கொண்டு ஒப்பிடுகிறது. ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பான செட் அவ்வாறு செய்வதில்லை. அது ஹேஷ் மதிப்பை (விரைவாகத் தேட உதவும் எண்ணை) கணக்கிட்டு, 'ஈகியூஎல்?' என்ற கண்டிப்பான ஒப்பீட்டைப் பயன்படுத்துகிறது. இதன் விளைவாக, 1.0 என்ற பின்ன எண்ணை 1 என்ற முழு எண் அடங்கிய அரேயில் தேடினால் 'உண்டு' என்றும், அதே முழு எண் அடங்கிய செட்டில் தேடினால் 'இல்லை' என்றும் விடை வரும். திறவு-மதிப்பு இணைகளின் தொகுப்பான ஹேஷ் தன் திறவுகளை மட்டும் பார்க்கும், மதிப்புகளைப் பார்க்காது. மாட்யூலோ தன் மரபுச் சங்கிலியில் அந்த மாட்யூல் கலக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கும். ஆகவே 'கம்பேரபிள்' என்ற மாட்யூல் ஸ்டிரிங் கிளாஸில் 'உள்ளதா' என்று கேட்டாலும் 'உண்டு' என்ற விடை வரும். இத்தனை வகைப் பொருள்களுக்கும் ஒரே வாசலாக இருக்கும் மெத்தடில் 'எழுத்து வேறுபாட்டைப் புறக்கணி' என்ற அர்குமென்ட்டைச் சேர்த்தால், செட்டுக்கு அதை எப்படி நிறைவேற்றுவீர்கள்? எல்லா உறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் செட்டைப் பயன்படுத்தியதன் வேகமே வீணாகிறது. மாட்யூலுக்கு அந்த அர்குமென்ட்டின் பொருள்தான் என்ன?

வேறு மொழிகள் இதை எப்படி அமைத்துள்ளன என்று பார்ப்பது பயன்தரும். பைத்தானின் 'இன்' என்ற செயற்குறி, வலப்பக்கத்தில் உள்ள பொருளின் 'கன்டெயின்ஸ்' சிறப்பு மெத்தடைத்தான் முதலில் நாடுகிறது. ஒப்பீட்டை மாற்ற விரும்புபவர் அந்தக் கிளாஸில் மாற்ற வேண்டும், செயற்குறியில் அன்று. கோட்லினிலும் 'இன்' என்று எழுதுவது தொகுப்பின் 'கன்டெயின்ஸ்' மெத்தடுக்கான அழைப்பாகவே மாறுகிறது. சி-ஷார்ப்பில் ஹேஷ்செட்டை உருவாக்கும்போதே எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கும் ஒப்பீட்டுப் பொருளைக் கொடுத்துவிடலாம். ஜாவாவில் ட்ரீசெட்டுக்கும் அப்படியே ஒரு கம்பேரட்டரைக் கொடுக்கலாம். இவை எல்லாவற்றிலும் ஒப்பீட்டு விதி தொகுப்பு பிறக்கும்போதே அதனுடன் பிணைக்கப்படுகிறது, கேள்வி கேட்கும் இடத்தில் அன்று.

எதிர் எடுத்துக்காட்டு பிஎச்பியின் 'இன்_அரே'. அங்கே கண்டிப்பான ஒப்பீடு வேண்டுமா என்பதை மூன்றாவது அர்குமென்ட்டாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தளர்வான ஒப்பீடுதான் நடக்கும். பிஎச்பி 7 வரை, எண்ணல்லாத எந்த ஸ்டிரிங்கும் 0 என்ற எண்ணுக்குச் சமமாகக் கருதப்பட்டதால், சொற்கள் மட்டுமே உள்ள அரேயில் 0 இருக்கிறதா என்று கேட்டாலும் 'உண்டு' என்ற விடை கிடைத்தது. பிஎச்பி 8 தான் அந்த ஒப்பீட்டு விதியை மாற்றியது. அழைக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய அர்குமென்ட் ஒருநாள் மறக்கப்படும் என்று கொண்டுதான் நூலகத்தை வடிவமைக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: 'இன்?' மெத்தடைத் தொடாதீர்கள், 'இன்க்ளூட்?' என்ற ஒரே மெத்தடை உடைய சிறிய கிளாஸ் ஒன்றை எழுதுங்கள். அதன் 'இனிஷியலைஸ்' மெத்தட் மூலப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு ஸ்டிரிங்கையும் முன்பின் வெற்றிடம் நீக்கி, சிறிய எழுத்தாக்கி, ஒரு செட்டில் சேர்த்து, 'ஃப்ரீஸ்' செய்து (பின்னர் மாற்ற முடியாதபடி உறையவைத்து) வைக்கட்டும். 'இன்க்ளூட்?' அழைக்கப்படும்போது, வரும் மதிப்பையும் அதே மாற்றத்திற்கு உட்படுத்தி அந்தச் செட்டில் தேடட்டும். ரூபி கிளாஸின் பெயரைப் பார்ப்பதில்லை, மெத்தட் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது என்பதால், இப்போதுள்ள 'இன்?' இந்தக் கிளாஸுடன் எந்த மாற்றமும் இன்றி வேலை செய்யும். ரெயில்ஸே இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது: சிம்பல், ஸ்டிரிங் இரண்டையும் ஒன்றாகக் கருதும் அதன் சிறப்பு ஹேஷ், அந்த விதியைத் தனக்குள்ளே வைத்திருக்கிறது, அதனிடம் கேட்கும் எவரும் தனி அர்குமென்ட் எதையும் கொடுப்பதில்லை.

மற்றொன்று. தமிழ் உள்ளீடும் வரும் செயலி என்றால், மாற்றும் படியில் யூனிகோட் இயல்பாக்கத்தையும் (ஒரே எழுத்தின் வேறுபட்ட குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவதையும்) சேர்த்துவிடுங்கள். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் குறி, கால் என்ற இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே; '==' இரண்டையும் வேறு என்றே சொல்லும். ரூபி 2.2 முதல் ஸ்டிரிங்கில் 'யூனிகோட்_நார்மலைஸ்' இருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்வதற்குத் தொகுப்பின் உள்ளே ஓரிடம் இருந்தால் போதும், 'இன்?' அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் செய்ய முயன்றால் எங்கோ ஓரிடம் விடுபடும்.

கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் நன்றி. துணைத்தொடர்ச் சிக்கலை இந்தக் கோணத்தில் குழுவில் எவரும் எழுப்பியிருக்கவில்லை. பல அர்குமென்ட் வடிவத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். தொகுப்பின் உள்ளே ஒப்பீட்டு விதியை வைப்பதும் எங்கள் தேவைக்குப் பொருந்துகிறது.

மூன்றாவது விருப்பத்தை மட்டும் இன்னும் விட மனம் வரவில்லை. எங்கள் அமைப்புத் தரவுகளில் அனுமதிப் பட்டியல் விருப்பத்திற்குரியது. அது கொடுக்கப்படாதபோது 'நில்' கிடைக்கிறது. அந்த இடங்களில் எல்லாம் முன்னால் ஒரு நிபந்தனை எழுத வேண்டியிருக்கிறது. இதனுடன் தொடர்புடைய இன்னொரு கேள்வியும் உண்டு: தேதி வரம்புகளுக்கும் 'இன்?' பயன்படுத்துகிறோம்; தொடக்கமும் முடிவும் உள்ள வரம்பைக் குறிக்கும் ரேஞ்ச் பொருளுக்கு 'இன்க்ளூட்?', 'கவர்?' என இரண்டு மெத்தட்கள் இருப்பதால், எது அழைக்கப்படுகிறது என்பதில் தெளிவு தேவைப்படுகிறது.

மறுமொழி 3

'நில்' பற்றி முதலில். 'நில்' இடப்பக்கத்தில் இருந்தால் இப்போதே எந்தத் தடையும் இல்லை: 'நில்' என்ற மதிப்பு அந்த அரேயில் இருந்தால் 'உண்டு', இல்லாவிட்டால் 'இல்லை'. வலப்பக்கத்தில் 'நில்' வருவது வேறு வகை. பட்டியல் வெறுமையாக இருப்பதும் பட்டியலே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் விளக்கத்திலேயே அதற்குச் சான்று உள்ளது. அனுமதிப் பட்டியல் கொடுக்கப்படவில்லை என்றால், 'எவருக்கும் அனுமதி இல்லை' என்று பொருளா, 'கட்டுப்பாடே இல்லை' என்று பொருளா? ஒரு திரையில் முதலாவதும் வேறொரு திரையில் இரண்டாவதும் சரியாக இருக்கக்கூடும். 'இன்?' எப்போதும் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், முடிவு எடுக்கப்படாமலேயே எடுக்கப்பட்டதாகிவிடும். அதுமட்டுமன்றி, பட்டியலைக் கொண்டுவரும் மெத்தடில் பிழை இருந்து 'நில்' வந்தாலும் அது வெளியே தெரியாது. பயனருக்கு ஏன் அனுமதி மறுக்கப்பட்டது என்று பின்னர் தேட வேண்டியிருக்கும். தடைப்பட்டியலைச் சோதிக்கும் இடமாக இருந்தால் நிலைமை தலைகீழ்; அங்கே 'இல்லை' என்ற விடை கதவைத் திறந்துவிடும்.

அமைப்புத் தரவைப் படிக்கும் ஓரிடத்தில், கொடுக்கப்படாத பட்டியலை வெற்று அரேயாகவோ, 'இன்க்ளூட்?' கேட்டால் எப்போதும் 'உண்டு' என்று சொல்லும் பொருளாகவோ மாற்றிவிடுங்கள். பின்னது மேலே சொல்லப்பட்ட கிளாஸுக்கு இயல்பான உடன்பிறப்பு. அதற்கப்பால் நிரலில் எங்கும் 'நில்' பற்றிய நிபந்தனை தேவைப்படாது.

இதே இடத்தில், 'இன்?' மெத்தடின் உள்ளமைப்பில் எனக்கு நெடுநாளாக உள்ள ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தொகுப்புக்கு 'இன்க்ளூட்?' தெரியாவிட்டால் எழும் 'நோமெத்தட்எரர்' பிழையைப் பிடித்து, "அர்குமென்ட் 'இன்க்ளூட்?' மெத்தடை உடையதாக இருக்க வேண்டும்" என்ற பொருளில் 'அர்குமென்ட்எரர்' ஒன்றை அது எழுப்புகிறது. ஆனால் நீங்களே எழுதிய 'இன்க்ளூட்?' மெத்தடின் உள்ளே வேறொரு காரணத்தால் 'நோமெத்தட்எரர்' எழுந்தாலும் அதே வலையில்தான் அது சிக்கும். எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன கிளாஸில் 'நில்' மதிப்பின் மேல் வெற்றிடம் நீக்கும் மெத்தடை அழைத்துவிட்டால், பிழைச் செய்தி உங்கள் கிளாஸுக்கு 'இன்க்ளூட்?' இல்லை என்பதுபோல் குறைகூறும்; இருக்கும் மெத்தடை இல்லை என்று சொல்லும் செய்தியை நம்பித் தேடினால் பொழுது வீணாகும். ரூபி 2.1 முதல் ஒவ்வொரு பிழைப் பொருளிலும் 'காஸ்' என்ற மெத்தட் மூலப் பிழையைத் தருகிறது. இந்தச் செய்தியைக் கண்டால் முதலில் அதைப் பாருங்கள். உங்கள் கிளாஸின் 'இன்க்ளூட்?', ஸ்டிரிங் அல்லாத மதிப்பு வந்தால் உடனே 'இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

மறுமொழி 4

ரேஞ்ச் பற்றிய கேள்விக்கு என் விடை இது. எண்களைப் பொறுத்தவரை 'இன்க்ளூட்?', 'கவர்?' இரண்டும் இரு முனைகளை மட்டுமே ஒப்பிடுவதால் வேறுபாடு இல்லை. ஸ்டிரிங், தேதி ஆகியவற்றில்தான் அவை பிரிகின்றன. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரையிலான ரேஞ்சில், இரண்டாவது எழுத்தை இருமுறை எழுதிய ஸ்டிரிங் உள்ளதா என்று கேட்டால், 'இன்க்ளூட்?' அந்த 26 எழுத்துகளுள் அது இல்லை என்பதால் 'இல்லை' என்கிறது, 'கவர்?' அகராதி வரிசையில் அது இரு முனைகளுக்கு இடையே வருகிறது என்பதால் 'உண்டு' என்கிறது.

தேதிகளில், 'இன்க்ளூட்?' தொடக்க நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக உருவாக்கி ஒப்பிட்டுக்கொண்டே போகும். பத்தாண்டு வரம்பு என்றால் 3,650-க்கும் மேற்பட்ட தேதிப் பொருள்கள் உருவாகலாம். வேகத்தைவிட விடையின் சரித்தன்மை முக்கியம்: வரம்பின் நடுவில் உள்ள ஒரு நாளின் நண்பகலைக் குறிக்கும் 'டேட்டைம்' மதிப்பைக் கொடுத்தால், அது எந்த நாளின் தொடக்கத்திற்கும் சமமாகாததால் 'இன்க்ளூட்?' மறுத்துவிடும், 'கவர்?' ஏற்கும். ஆனால் அதே நண்பகல் வரம்பின் கடைசி நாளுக்குரியதாக இருந்தால் 'கவர்?' கூட மறுக்கும், ஏனெனில் கடைசி முனை அந்த நாளின் நள்ளிரவுத் தொடக்கம்தான். 'கடைசி நாள் முழுவதும் அடங்கும்' என்று எண்ணி எழுதப்படும் வரிகள் இங்கே தவறும். அத்தகைய இடங்களில் மதிப்பை முதலில் தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆக்டிவ் சப்போர்ட்டின் அண்மைப் பதிப்புகளில் 'இன்?' தன் அர்குமென்ட் ரேஞ்சாக இருந்தால் 'கவர்?' மெத்தடையும், மற்றவற்றுக்கு 'இன்க்ளூட்?' மெத்தடையும் அழைக்கிறது. பழைய பதிப்புகளில் எல்லாவற்றுக்கும் 'இன்க்ளூட்?'தான். ஆகவே நீங்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். பதிப்பு உயர்த்தும்போது ஸ்டிரிங் ரேஞ்சுகளை மட்டுமாவது தேடிப் பார்த்துவிடுங்கள். மறுமொழி 2-இல் 'இன்?' எதையும் முடிவு செய்வதில்லை என்று சொல்லப்பட்டதற்கு இது ஒரு விதிவிலக்கு. நூலகமே இந்த ஒரு வகைக்காகத் தன் நடுநிலையை விட்டுக்கொடுத்திருக்கிறது. ரூபி மொழியே 2.6 பதிப்பில் 'கேஸ்' வாக்கியங்களில் ரேஞ்சை ஒப்பிடும் '===' குறியை 'கவர்?' பக்கம் நகர்த்தி, 2.7-இல் ஸ்டிரிங்குகளுக்கும் அதை நீட்டித்திருப்பதால், இந்த விதிவிலக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் 'ப்ரீபெண்ட்' திட்டத்திற்கு இது எதிரான சான்று. மூல மெத்தடின் பொருள் பதிப்புக்குப் பதிப்பு நகரும்போது, அதற்கு முன்னால் நிற்கும் உங்கள் மாட்யூலும் கூடவே திருத்தப்பட வேண்டும். மேலும், ஆப்ஜெக்ட் கிளாஸில் செய்யும் மாற்றம் உங்கள் நிரலோடு நிற்காது. நீங்கள் நிறுவியுள்ள ஒவ்வொரு ஜெம்மும் (ரூபி நூலகத் தொகுதியும்) அழைக்கும் 'இன்?' உங்களுடைய மாட்யூலின் வழியாகவே போகும். 'ரிஃபைன்மென்ட்' மூலம் கோப்பு அளவில் கட்டுப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே பெயருக்கு இரு கோப்புகளில் இரு பொருள் இருப்பதைவிட, வேறு பெயர் வைப்பது எனக்கு உவப்பானது.

கேட்டவரின் தொடர்ச்சி

'ப்ரீபெண்ட்' திட்டத்தைக் கைவிட்டுவிட்டு, 'இன்க்ளூட்?' உள்ள தனிக் கிளாஸ் ஒன்றையும், கட்டுப்பாடு இல்லாத நிலைக்கான அதன் உடன்பிறப்பையும் எழுதத் தொடங்கியுள்ளோம். ஏற்கெனவே உள்ள நிரலில் 'இன்?' மெத்தடுக்கு நேரடியாக ஸ்டிரிங் கொடுக்கப்பட்டுள்ள இடங்களைத் தேடும் பணியும் நடக்கிறது. மாறியின் பெயரை மட்டும் பார்த்து அது அரேயா ஸ்டிரிங்கா என்று சொல்ல முடியாத இடங்களை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இப்போதைய தடை.

மறுமொழி 1

அதற்கு மட்டும், சோதனைச் சூழலில் மட்டுமே ஏற்றப்படும் மாட்யூல் ஒன்றை 'ப்ரீபெண்ட்' செய்யலாம். அர்குமென்ட் ஸ்டிரிங்காக இருந்தால் அழைத்த கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் 'காலர்_லொகேஷன்ஸ்' வழியாகப் பதிவுசெய்துவிட்டு, 'சூப்பர்' அழைத்துவிடட்டும். சோதனைகள் தொடாத வரிகள் அந்தப் பதிவில் வராது; அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். துணைத்தொடர் தேடலே நோக்கமாக இருந்த இடங்களைக் கண்டால், அங்கே 'இன்க்ளூட்?' என்றே வெளிப்படையாக மாற்றி எழுதிவிடுங்கள். பட்டியல் முடிந்ததும் மாட்யூலை நீக்கிவிடலாம்.